பவித்ராவின் இலை

பேய்க்கதை சொல்கிறவனிடம் முகத்துக்கு நேராகவே பொய் என்று சொல்லிவிடுகிற ஆள் நான். இப்போது நானே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்பாவிட்டால் போங்கள், எனக்கு நஷ்டமில்லை.

சின்னமனூர் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை எனக்கு. நாலைந்து வருஷத்துக்கு முன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரில் ஒரு மரம் வரைந்தார்கள். இலைக்குப் பதிலாக ஆளுக்கொரு கை, பச்சைப் பெயிண்டில் முக்கி அப்பியது. அவர்களில் பவித்ரா என்கிற பிள்ளை அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் அம்மா பஜாரில் வளையல் கடை வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து மகளின் கைமேல் தன் கையை வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

மேகமலைச் சாரல் அடித்து அடித்து அந்தச் சுவர் ஓதம் ஏறி உப்பிவிட்டது. தலைமையாசிரியர் மொத்தத்தையும் சுரண்டி வெள்ளையடிக்கச் சொன்னார். பவித்ரா கை போய்விடுமே என்றேன்.

"வேற பிள்ள கைய வச்சு அப்பிவிடுய்யா. யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், ஒருத்தனும் சுவரைத் தொடக்கூடாது, நானே சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போன வருஷம் கோடை லீவு தொடங்கியதும் ஒவ்வொரு கையையும் டிரேசிங் தாளில் அச்செடுத்துக்கொண்டேன். கைகளைத் தொடாமல், சுவரின் அடிப்பக்கம் உப்பிய பூச்சை மட்டும் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, பூசி, லீவு முடிகிற நேரத்தில் சாயம் போன இடங்களை நிரப்பப் போனேன். நட்ட நடுப்பகல், நல்ல வெயில். தாள்களை வைத்துப் பார்த்தால் எல்லாக் கையும் கச்சிதமாகப் பொருந்துகிறது, பவித்ராவுடையது மட்டும் பொருந்தவில்லை. ஐந்து விரலும் கோட்டைத் தாண்டி நகத்தளவு வெளியே நிற்கின்றன. சுவர் வளருமா? திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன்.

அப்போது பவித்ராவின் அம்மா வந்தார்கள். தாளையும் சுவரையும் பார்த்தார்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஏன் சார் அப்படிப் பாக்குறீக? போன வருசத்து வளையலே இப்ப இவளுக்குப் பத்தாது. வளருற வயசுதான."

நான் சாயத்தை நிரப்பிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த ஜூனில் பார்த்தேன், அந்தச் சுண்டுவிரல் பக்கத்து இலையைத் தொட்டுவிட்டது. அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இது யாரு கை சார்? இவ சேக்காளியா?"

தெரியாது என்றேன். தெரியும். அந்தப் பிள்ளை இங்கேதான் பத்தாவது படிக்கிறது. தினமும் அந்தச் சுவரை ஒட்டித்தான் நடந்து போகிறது.