பெருமூச்சுக் கட்டை

பாட்டு டீச்சர் அந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலேயே ஆர்மோனியப் பெட்டியின் நடுக்கட்டை ஒன்று ஊமையாகத்தான் இருந்தது. 'ச ரி க ம'வில் 'ம' என்னும் மத்திமத்துக்கு உரிய கட்டை அது. அழுத்தினால் சுரம் எழாது. 'ஹ்ஹா' என்று காற்று மட்டும் வரும். பிள்ளைகள் அதற்குப் 'பெருமூச்சு' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். டீச்சர் சுருதியை மாற்றிப் பார்த்தார். பிஞ்சுக் குரல்களுக்கு எட்டவில்லை. பழுதுபார்க்கும்படி பள்ளி நிர்வாகத்துக்கு ஆண்டுக்கு ஒன்றாக மூன்று கடிதங்கள் எழுதினார். பதில் வரவில்லை. நான்காம் ஆண்டு அவர் எழுதவில்லை. மத்திமம் இல்லாத மெட்டுகளில் தாமே பாட்டுக் கட்டத் தொடங்கினார். சுர வரிசை பாடும்போதும், "'க'வுக்கு அப்புறம் மூச்சு வாங்கிக்கோங்க, கண்ணுங்களா" என்று பழக்கினார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அறையை இருபத்திரண்டு ஆண்டுகளாக எந்த அதிகாரியும் எட்டிப் பார்த்ததில்லை. இதைப் பாடு, அதைப் பாடாதே என்று சொல்வாரில்லை. அதற்குப் பெயர்தான் சுதந்திரம் என்று அவர் நம்பினார். நனைந்த காலுறையைப் பற்றியும், தங்கைக்குப் பல் விழுந்ததைப் பற்றியும் நாற்பத்தொரு பாட்டுகள் அங்கே பிறந்தன.

பிறகு புதிய தலைமையாசிரியர் வந்தார். ஒரு கையில் கீபோர்டு. மறு கையில் நிர்வாகம் அனுப்பிய பாட்டு.

"நம்ம நிர்வாகத்தோட எல்லாப் பள்ளியிலயும் இனிமே இதுதான், டீச்சர். வர்ற வெள்ளிக்கிழமை பார்வையிட ஒரு குழு வருது. நல்லாப் பாடினா இந்த அறை உங்களுக்கு. இல்லேன்னா கம்ப்யூட்டருக்குக் குடுத்துடச் சொல்லியிருக்காங்க."

"என் பாட்டுல ஒண்ணே ஒண்ணு பாடட்டுமே, சார்."

"கேட்டேன், டீச்சர். அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்துலயும் எதையோ சொல்லாம விட்ட மாதிரியே இருக்கு."

நிர்வாகப் பாட்டின் முதல் வரியே மத்திமத்தில்தான் போய் நின்றது. கீபோர்டில் அதை வாசித்ததும் முன்வரிசைச் சிறுமி துள்ளினாள். "ஐயோ டீச்சர், பெருமூச்சு பேசுது!" அறையே சிரித்தது. பாடச் சொன்னபோதோ, நாற்பது தொண்டைகளும் 'க' என்னும் காந்தாரம் வரை ஏறி, ஒன்றாக மூச்சு விட்டன.

"சினிமாப் பாட்டெல்லாம் பாடுறீங்களே, அதுல மட்டும் எப்படி வருது?"

"அது வீட்டுல, டீச்சர். இங்க வந்தா தன்னால மூச்சு வந்துடுது."

கெஞ்சினார், அதட்டினார், மிட்டாய் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

புதன்கிழமை மாலை, டீச்சர் நிர்வாகப் பாட்டைப் பாடிக்கொண்டே வெங்காயம் நறுக்கும்போது கணவர் குறுக்கிட்டார். "ஏம்மா, நீ பாடுற பாட்டு நம்ம வீட்டுச் சுவருக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ஆனா நடுவுல ஒரு படி இல்லாத ஏணி மாதிரி இருக்கே?"

"நான் சரியாத்தாங்க பாடறேன்."

கணவர் மறுபடி பாடச் சொல்லி, செல்பேசியில் பதிவு செய்து போட்டுக் காட்டினார். அந்த இடத்தில் டீச்சரின் குரல் இல்லை; காற்றுத்தான் இருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"பழகினா வந்துடும்மா."

"எப்பங்க? நாளன்னைக்குக் குழு வருது."

வெள்ளிக்கிழமை நான்கு பேர் வந்து அமர்ந்தார்கள். முதல் வரி முடிந்தது. நாற்பது பிள்ளைகள் பெருமூச்சு விட்டார்கள். இரண்டாம் வரியிலும் அப்படியே. குழுவில் ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தலைமையாசிரியர் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார்.

"ஒரே ஒரு தடவை, சார். நானும் கூடப் பாடறேன்."

பிள்ளைகளின் கண்கள் டீச்சரின் உதடுகளிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. சட்ஜமம், ரிஷபம், காந்தாரம். அவர் வாய் திறந்தது. இத்தனை ஆண்டுப் பழக்கம் முந்திக்கொண்டது.

குழு போன பின் தலைமையாசிரியர் ஒரு பழைய கோப்பை நீட்டினார். "இதுல மூணு கடிதம் இருக்கு, டீச்சர். நாலாவதை ஏன் எழுதல?"

அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே கேட்டார்.

திங்கட்கிழமை அறையைக் காலி செய்தார்கள். ஆர்மோனியப் பெட்டி படிக்கட்டின் ஓரமாகக் கிடந்தது. டீச்சர் கடைசிப் படியில் அமர்ந்து, தம் பாட்டுத் தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக்கொண்டிருந்தார்: 'மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, மரத்தடியிலேனும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் தந்தால், பிள்ளைகளுக்கு மத்திமம் மட்டுமாவது…'

"கொஞ்சம் வழி விடுங்கம்மா," என்றார்கள் மேசை சுமந்து வந்தவர்கள். அவர் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, அடுத்த வரியை எழுதினார்.