அமெரிக்க வரலாற்றில் என் மகள் வாங்கிய முட்டை

அண்ணாமலையாரை நம்பி வாழும் என் சொந்தங்களே, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

போன வருஷம் கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவிலிருந்து என் மகள் யாழினி போன் செய்தாள். "அம்மா, நான் காப்பி அடிச்சேன்னு சொல்றாங்கம்மா" என்றாள். அதற்கு மேல் அழுகைதான். கையில் இருந்த டிபன் டப்பாவை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. அன்று மதியம் பட்டினி.

நான் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருக்கிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. கணவருக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. யாழினி இங்கே பத்தாவது முடித்ததும் அவளை அழைத்துக்கொண்டு போனார். வேலையை விட மனமில்லாமல் நான் மட்டும் இங்கே தங்கிவிட்டேன். அங்கே பதினோராம் வகுப்பில் அவள் அமெரிக்க வரலாறு எடுத்தாள். சாதாரண வகுப்பு இல்லை, கல்லூரித் தரத்தில் நடத்தும் உயர்நிலை வகுப்பு. வரலாற்று டீச்சர் மகளாச்சே என்று நான் தலைகால் புரியாமல் குதித்தேன்.

நம் ஊரில் வரலாற்றுப் பரீட்சைக்கு எப்படிப் படிப்போம் என்று உங்களுக்கே தெரியும். புத்தகத்தை வரி விடாமல் உருப்போட வேண்டும். வார்த்தை மாறாமல் எழுதினால் முழு மார்க். விடைத்தாள் திருத்தப் போனால் நானும் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாயிண்டுக்குப் பாயிண்ட் டிக் போடுகிறவள்தான். யாழினி இதில் கில்லாடி. படத்துக்குக் கீழே இருக்கும் வரியைக்கூட விடாமல் ஒப்பிப்பாள்.

அதே பழக்கத்தில் அங்கேயும் எழுதியிருக்கிறாள். உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்று கேள்வி. பாடப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தை, கமாகூட மாறாமல் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த டீச்சர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். போனை ஒளித்துவைத்துப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டி, முட்டை போட்டு, விசாரணைக்கும் எழுதிவிட்டார். குற்றம் உறுதியானால் அது அவள் பள்ளிப் பதிவில் ஏறும். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் கறை கூடவே போகும்.

அந்த வகுப்பில் எப்படி மார்க் போடுகிறார்கள் என்பதை அனுப்பச் சொல்லிப் படித்தேன். கட்டுரையில் முதல் மார்க்கே, இந்தக் கேள்விக்கு நீ என்ன சொல்கிறாய் என்பதற்குத்தானாம். பிறகு அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரம் எப்படிப் பொருந்துகிறது என்று விளக்க வேண்டும். அடுத்தவர் வாசகம் என்றால் யாருடையது என்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் எங்கேயும் ஒரு மார்க்கும் கிடையாது. பெரிய பெரிய அறிஞர்களே அடித்துக்கொள்ளும் விஷயத்தில் பதினாறு வயதுப் பெண் சொந்தமாக என்னத்தைச் சொல்வாள்?

என் கணவர் பள்ளிக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். "மனப்பாடமா எழுதிட்டான்னு சொன்னேன். ரெண்டு பக்கத்த யாரால அப்டி எழுத முடியும்னு கேக்குறாங்க. நீ டென்ஷன் ஆவாத" என்றார். டென்ஷன் ஆகாமல் பின்னே என்ன ஆவது? பக்கத்து ஊராக இருந்தால் பஸ் பிடித்துப் போய் அந்த டீச்சர் காலிலாவது விழுந்திருப்பேன். யாழினிக்குப் பேச்சே நின்றுவிட்டது. சாப்பாடு கம்மி. போன் செய்தால் "ம்" என்பாள். ஒருநாள் மட்டும், "நான் ஊருக்கே வந்துடறேம்மா, பேர் கெட்டுப்போனப்புறம் இங்க எதுக்கு?" என்றாள். நான் அழுதது அவளுக்குக் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

விசாரணை நாள் வந்தது. அங்கே காலை என்றால் இங்கே சாயங்காலம். பள்ளி விட்டதும் நேராகக் கிரிவலப் பாதைக்குப் போனேன். தீபக் கூட்டமெல்லாம் வடிந்து பாதை வெறிச்சென்று கிடந்தது. எத்தனையோ பதிகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அன்று ஒரு வரிகூட வாயில் வரவில்லை. வெறுமனே நடந்தேன்.

அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் செல்வி அக்கா, என் பழைய மாணவன் ஒருவனின் அம்மா, என்னைக் கூப்பிட்டார். "இன்னா டீச்சர், பௌர்ணமி கூட இல்ல, தனியா சுத்துறீங்க? மூஞ்சே சரியில்லயே!"

விஷயத்தைச் சொன்னேன்.

"அட, காப்பி அடிச்சதுக்கா இந்த அழுகை? எம்புள்ள அடிக்காத காப்பியா? டீயக் குடிங்க."

"அவ அடிக்கலக்கா!"

"சரி சரி, அடிக்கலதான். சர்க்கர ஜாஸ்தி போட்டிருக்கேன், குடிங்க."

பாவம், ஆறுதல்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவரே நம்பவில்லை. அங்கே இருப்பவர்கள் எப்படி நம்புவார்கள்? பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அண்ணாந்து பார்த்தேன். மலை உச்சியில், பதினோரு நாள் எரியும் தீபம் இன்னும் தெரிந்தது. நடுரோட்டில் நின்று, பைத்தியக்காரி மாதிரி வாய்விட்டே பேசினேன். "நீ பாத்துக்கிட்டுதானப்பா இருந்த? எம்பொண்ணு பாத்து எழுதலன்னு உனக்குத் தெரியுமில்ல? மார்க் கேக்கல நான். அவ பேரு கெடக் கூடாது. எனக்கு அங்க யாருமில்ல. நீ போய் சாட்சி சொல்லு."

கோயிலை நெருங்கும்போது போன் வந்தது. எடுக்கவே பயம். யாழினிதான். "அம்மா!" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

விசாரணையில் என்ன கேட்டும் இவளுக்குப் பேச நாக்கு எழவில்லையாம். தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். முடித்துவிடலாம் என்று அந்த டீச்சர் எழுந்திருக்கிறார். "அப்போ என் வாய் தானா தொறந்துச்சும்மா. பேப்பர்ல எங்க நிறுத்துனேனோ, அதுக்கு அடுத்த வரியில இருந்து சொல்ல ஆரம்பிச்சேன்." டீச்சர் புத்தகத்தை எடுத்து வரிவரியாக விரலை வைத்துப் பார்த்திருக்கிறார். பக்கம் திரும்பியது. இன்னொரு பக்கமும் திரும்பியது. படத்துக்குக் கீழே இருந்த வரியையும் இவள் சொன்னதும் அவர் புத்தகத்தை மூடிவிட்டு, எல்லோர் முன்னாலும் இவளிடம் மன்னிப்புக் கேட்டாராம்.

முட்டை மட்டும் மாறவில்லை. "நீ எழுதியது புத்தகம் சொல்வது. நீ என்ன சொல்கிறாய் என்று எழுதிக்கொண்டு வா" என்று இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். திக்கித் திணறி எழுதினாள். சி கிரேடு கிடைத்தது. சி கிரேடுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து அக்கம்பக்கமெல்லாம் கொடுத்த ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது என் வகுப்பில் பாடம் முடிந்ததும், "இதுல நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கிறேன். "நீங்களே சொல்லுங்க டீச்சர், எழுதிக்கிறோம்" என்கிறார்கள். போகப் போகச் சரியாகும். எதற்கும் பதறிக்கொண்டிருந்த நானும் அண்ணாமலையார் புண்ணியத்தில் இப்போது கொஞ்சம் நிதானமாகிவிட்டேன்.

உங்கள் பக்கம் பேச ஒருத்தரும் இல்லை என்று தோன்றுகிறதா? பாட்டுத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவரிடம் போய்ப் புலம்புங்கள், சண்டை போடுங்கள். கடல் தாண்டி ஒரு வகுப்பறையில் என் மகள் தலை குனிந்து எழுதியதை நான் பார்க்கவில்லை. அவள் அப்பா பார்க்கவில்லை. பக்கத்திலேயே இருந்தும் அந்த டீச்சர் பார்க்கவில்லை. அண்ணாமலையார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.