இரண்டாம் முறை கேட்காத ஊரில் அர்சலான்

என் தங்கை தாயிபாவின் கணவன் அர்சலான் ஷாலிகார் எந்த வாசலையும் முதல் ஆளாகத் தாண்டி நான் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் எங்கள் கடலோர ஊரான அன்சாலியில் துறைமுகக் கால்பந்து அணிக்கு ஒன்றாக ஆடியவர்கள். உடை மாற்றும் அறையிலிருந்து மைதானத்துக்குப் போகும் கதவருகில் நின்றுகொண்டு, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று எங்கள் ஆட்களையெல்லாம் அனுப்பிவிட்டு, எதிரணிக்காரர்களையும் அனுப்பிவிட்டுத்தான் அவன் வருவான். ஒரு தடவை அதே குணமுள்ள ஒரு நடுவர் வாய்த்தார். கதவருகில் இவன் அவரை முன்னால் போகச் சொல்ல, அவர் இவனைப் போகச் சொல்ல, ஆட்டம் நாலு நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது.

பந்து காலில் பட்டுவிட்டால் மட்டும் ஆள் வேறு. யாருக்கும் வழி விடமாட்டான். பயிற்சியில் அவனைத் தடுக்கப் போய் என் முட்டி இரண்டு தடவை வீங்கியது. அந்த முட்டியோடு நான் மீன் சந்தையில் கடை போட்டேன். அவன் ராணுவ சேவைக்குப் போய், அங்கேயும் ராணுவ அணிக்கு ஆடி, இருபத்தேழாவது வயதில் தாயிபாவோடு ஹாலந்துக்குப் போனான். அங்கே வடக்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர், இரண்டாம் நிலை அணி. ஒப்பந்தம் ஒரே வருஷத்துக்குத்தான். அதற்குள் ஆடிக் காட்டினால் தொடரலாம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அன்சாலிக்கே வந்துவிட வேண்டியதுதான்.

அன்சாலி முழுக்க அவனை வழியனுப்பியது. பிறகு முதல் ஆட்டத்தில் அவன் பெயரைத் தேடினோம். வெளியே உட்கார்ந்திருந்தான். இரண்டாவது ஆட்டத்திலும் அப்படித்தான். மூன்று, நான்கு என்று ஏழு ஆட்டம் ஓடிவிட்டது. ஒரு நிமிஷம்கூட மைதானத்தில் கால் வைக்கவில்லை.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு விஷயம் ஏன் நடக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. மீன் சந்தையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கோச்சுக்கு நம் ஆட்களைப் பிடிக்காது என்றார் ஒருவர். எதிர்க்கடையில் புகைமீன் விற்கிறவர், "அந்த ஊர்ப் புல்லு வேற மாதிரிய்யா, நம்ம காலுக்கு ஒத்துவராது" என்றார். அவர் வாழ்நாளில் ரஷ்த் நகரைத் தாண்டிப் போனதில்லை. கண் பட்டிருக்கிறது என்று என் அம்மா சொன்னதைக் கேட்டுத் தாயிபா அங்கே தன் வீட்டில் எஸ்பந்து விதையை நெருப்பில் போட்டுப் புகை காட்டினாள். கட்டடத்தின் தீ மணி அடித்துவிட்டது. தீயணைப்பு வண்டி வந்து நிற்க, நாலு மாடிக்காரர்களும் மழையில் நனைந்தார்கள். திருஷ்டி மட்டும் போகவில்லை.

எட்டாவது ஆட்டத்துக்கு முன்னால், வெள்ளிக்கிழமை காலையில், நான் அர்சலானை வீடியோ போனில் பிடித்தேன். முகம் சுண்டிப் போயிருந்தான்.

"பயிற்சில ஒழுங்கா ஓடறியா மாப்ள?"

"எல்லாருக்கும் முன்னால நான்தான் மச்சான்."

"கோச் திட்டுறாரா?"

"சேச்சே. தினமும் தோள்ல தட்டிட்டு சிரிக்கிறாரு. அதான் ஒண்ணுமே புரியல."

"முதல் ஆட்டத்துக்கு முன்னால உன்கிட்ட என்ன பேசினாரு? ஒரு வார்த்த விடாம சொல்லு."

சொன்னான். கோச்சின் பெயர் யூப். தன் அறைக்கு இவனை அழைத்திருக்கிறார். பேச்சை மாற்றிச் சொல்ல நஜீப் என்று ஒருவர் கூட இருந்தார். ஹெராத்திலிருந்து அங்கே போய் பஸ் ஓட்டுகிற ஆப்கானியர், எங்கள் மொழி பேசுகிறவர்.

"சனிக்கிழம ஆரம்பத்துலேர்ந்தே ஆடத் தயாரான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்லுவேன்? மத்தவங்கள்லாம் வருஷக்கணக்கா உழைக்கிறவங்க, நான் நேத்து வந்தவன், உங்க கால் தூசி. வெளில உக்காந்து தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கறதே எனக்குப் பெருமைன்னேன்."

"அதுக்கு அவரு?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாரு. நேர்மையான ஆளுன்னு கை குடுத்தாரு. எப்பத் தயார்னு தோணுதோ அப்ப நீயே வந்து சொல்லுன்னாரு."

"போய்ச் சொன்னியா?"

"நானா? நானே போயா? என்ன பேச்சு பேசற மச்சான். இன்னொரு தடவ கேக்கட்டும்னு இருக்கேன்."

போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. எங்கள் ஊரில் யாரும் முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுவதில்லை. டீ வேண்டுமா என்றால் வேண்டாம். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம். மூன்றாவது தடவை, உங்கள் கை நோகாமல் இருக்கட்டும் என்று சொல்லி வாங்கிக்கொள்வோம். கேட்பவருக்கும் இது தெரியும், மறுப்பவருக்கும் தெரியும். பால் குடிக்கிற குழந்தைக்குத்தான் தெரியாது. அந்த யூப்புக்கும் தெரியவில்லை. பாவம், அவர் இவன் வந்து சொல்லட்டும் என்று ஏழு வாரம் மரியாதையாகக் காத்திருக்கிறார். இவன் அவர் மறுபடி கேட்கட்டும் என்று ஏழு வாரம் மரியாதையாகக் காத்திருக்கிறான். நடுவில் ஒரு வருஷ ஒப்பந்தம் கரைந்துகொண்டிருந்தது.

எனக்கு இன்னொன்றும் தெரிந்தாக வேண்டியிருந்தது. நஜீப்பின் எண்ணை வாங்கி அவரிடம் பேசினேன்.

"நஜீப் அண்ணே, அங்க ரெண்டாவது தடவ கேக்கமாட்டாங்கன்னு உங்களுக்குமா தெரியாது?"

"தெரியாம என்ன தம்பி. நான் வந்த புதுசுல ஒரு கிடங்குல வேல. மத்தியானம் ரொட்டி நீட்டினாங்க. வேணாம்னேன். அத்தோட சரி. மூணு மாசம் நான் பசில இருந்தேன், அவங்க எனக்கு ரொட்டி பிடிக்காதுன்னு நெனச்சிட்டு இருந்தாங்க."

"அப்ப அவன்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"அவர் பெரிய ஆட்டக்காரர். நான் பஸ் ஓட்டறவன். நானாப் போயி புத்தி சொன்னா மரியாதையா இருக்குமான்னுதான்..." என்று இழுத்தார்.

தலையில் அடித்துக்கொண்டேன்.

அர்சலானைத் திரும்பக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காலையில் நேராகப் போய், நான் தயார், என்னை ஆட விடுங்கள் என்று சொல்லச் சொன்னேன். அவன் காது வரைக்கும் சிவந்தான். "பந்தியில முதல் ஆளா உக்காந்து தட்டத் தட்டற மாதிரி இருக்கே மச்சான்" என்றான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நானும் கத்தினேன். வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் விஷயத்தைத் தாயிபா கையில் எடுத்தாள்.

அன்று சாயங்காலம் அவனிடம், "டீ வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். பழக்க தோஷம், "வேணாம்மா, உனக்கு எதுக்கு சிரமம்" என்றான். "சரி" என்று அவன் கண் முன்னாலேயே உட்கார்ந்து அந்த டீயைக் குடித்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டிலும் அப்படியே. பூண்டும் கத்தரிக்காயும் வதக்கி முட்டை உடைத்து ஊற்றியிருந்தாள். அவன் உயிரை விடுகிற பண்டம். போடவா என்றாள். ஐயோ போதும் என்றான். சட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். சனிக்கிழமை முழுக்க இப்படி. எட்டாவது ஆட்டத்திலும் வெளியே உட்கார்ந்துவிட்டுப் பசியோடு வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் டீ என்று வாயெடுப்பதற்குள், "குடு" என்றான். சொல்லிவிட்டு, ஏதோ திருடிவிட்ட மாதிரி கண்ணில் தண்ணீர் விட்டான் என்று தாயிபா என்னிடம் சொன்னாள். அவளும் போனில் அழுதாள்.

திங்கட்கிழமை போய்ச் சொன்னான். யூப் எழுந்து நின்று, "எத்தன வாரமா இதுக்காகக் காத்திருக்கேன்" என்று கட்டிப்பிடித்தாராம். அந்தச் சனிக்கிழமை அர்சலான் முதலிலிருந்தே ஆடினான். மீன் சந்தையில் என் போனைச் சுற்றி நாற்பது பேர் நின்றோம். எழுபதாவது நிமிஷத்தில் இரண்டு பேருக்கு நடுவே புகுந்து, யாருக்கும் வழி விடாமல், பந்தை வலைக்குள் அனுப்பினான். புகைமீன்காரர் அந்த ஊர்ப் புல்லைப் பற்றி அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

ஆறு வருஷம் ஆடினான். நாற்பத்தாறு கோல். பெனால்ட்டியை யார் அடிப்பது என்று கேட்டு முடிப்பதற்குள் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பானாம். அப்புறம் முழங்கால் தேய்ந்தது. முப்பத்து மூன்று வயதில் தாயிபாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தான்.

வந்தவனைப் பார்த்து எங்கள் தெரு திகைத்தது. அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நின்று, "வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று வழக்கமாகச் சொல்லும் வார்த்தையைச் சொன்னார். இவன் "சரி" என்று ஷூவைக் கழற்றிவிட்டான். அந்த வீட்டம்மா அவசரமாக இரண்டு முட்டை பொரித்துப் போட்டாள். விஷயம் காதுக்கு வந்தபோது எனக்குத்தான் மானம் போனது.

அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் பந்து. இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கான படிப்பும் அங்கேயே முடித்திருந்தான். எட்டு மாதம் ஆகியும் ஓர் அணியும் கூப்பிடவில்லை. காலையில் என் கடைக்கு வந்து நிற்பான். மீனைத் தப்பான பக்கத்திலிருந்து அறுப்பான். நாற்பத்தாறு கோல் போட்டவன் செதிலோடு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

போன வியாழக்கிழமை, நல்ல மழையில், துறைமுக அணி கிளப்பின் தலைவர் தர்யாபெய்கி வெள்ளைமீன் வாங்க வந்தார். அந்தச் சமயம் கோச் பதவி காலியாக இருந்தது. அதில் தன் மைத்துனரை உட்காரவைக்கப் போகிறார் என்பது சந்தைப் பூனைக்குக்கூடத் தெரியும். கையில் மீனோடு அர்சலானைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"அருமை அர்சலான், அந்த கிளப் உங்க வீடு. உங்க இடம் காலியாவே கெடக்கு. பசங்கள உங்க கையில ஒப்படைச்சா நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

நல்லா இருக்கீங்களா என்பதற்கு மேல் அதில் ஒரு அர்த்தமும் கிடையாது. உங்க நிழல் எங்க மேல இருக்கட்டும், எனக்கு ஏது அந்தத் தகுதி என்று சொல்லிவிட்டு மீனைக் கட்டிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"சரிங்கய்யா" என்றான் அர்சலான். "சனிக்கிழம எத்தன மணிக்கு வரட்டும்?"

சந்தை நின்றுவிட்டது. தர்யாபெய்கி என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த மீனைப் பார்த்தார். நாற்பது பேர் காது கொடுத்துக்கொண்டிருக்க, சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்கிற ஆள் அன்சாலியில் இன்னும் பிறக்கவில்லை.

"ஒம்பது மணிக்கு" என்றார் மெல்ல. அதற்குள் புகைமீன்காரர் வாழ்த்துச் சொல்லி, இனிப்புக்கு ஆள் அனுப்பிவிட்டார். இனிப்பு வாயில் போனபின் தர்யாபெய்கி செய்வதற்கு ஒன்றுமில்லை. மீனை எடுத்துக்கொண்டு போனார்.

நான் அர்சலானை ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"கிறுக்குப் பயலே, அவரு உபசாரத்துக்குச் சொன்னாருடா. ஹாலந்துல இருந்து இருந்து அதுகூட மறந்துபோச்சா?"

"மறக்கல மச்சான். அவரு சும்மா சொல்றாருன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவன் கையிலிருந்த செதிலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அங்க ஏழெட்டு ஆட்டம் வெளில உக்காந்திருந்தேன்ல. இன்னொரு தடவ கேப்பாங்க, கேப்பாங்கன்னு. அந்த நாள் இன்னும் உள்ளயே கெடக்கு. இவரு ரெண்டாவது தடவ கேப்பாருன்னு நிச்சயமாத் தெரிஞ்சா வேணாம்னு சொல்லியிருப்பேன். கேக்கமாட்டாருன்னு தெரிஞ்சது. எட்டு மாசமா யாரு கேட்டாங்க என்னை, நீ சொல்லு."

பிளாஸ்க்கைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் டீ ஊற்றினேன்.

"டீ குடிக்கிறியா மாப்ள?"

"வேணாம் மச்சான், நீ குடி."

ஆறு வருஷம் எட்டு மாதத்தில் அவன் வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. குவளையைக் கீழே வைக்காமல் மறுபடி கேட்டேன். உனக்கு எதுக்கு சிரமம் என்றான். மூன்றாவது தடவை கேட்டேன். "உன் கை நோகாம இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டான்.