இடிக்குப் பிடுங்கிய வயர்

மலைக்குப் பின்னால் இடி உறுமினால் இன்றும் மனம் கூசுகிறது. பாகம் பாகமாக வாங்கி நானே பொருத்திய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. இறந்துபோன எங்கள் மகனின் படங்கள் அதற்குள் மட்டுமே இருந்தன. ஒரு பின்னேரம் இடி முழங்க, அது இயங்கிக்கொண்டிருந்தபோதே மனைவி வயரைப் பிடுங்கிவிட்டாள். டிஸ்க் பழுதாகி, கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றுபோனது.

"புள்ளையோட படத்தையெல்லாம் அழிச்சிட்டியே!" என்று கத்தினேன்.

திருத்துவதற்காக லுணுகலையிலிருந்து பதுளை வரை போன பஸ்ஸில் அவள்தான் அதை மடியில் வைத்திருந்தாள்.

திருத்தும் கடைக்காரரான முஸ்லிம் அண்ணன், நாங்கள் 'நானா' என்று அழைப்பவர், டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டினார். வெகுநேரம் கழித்துத் திரையில் மகன் சிரித்தான்.

"நான் புடுங்குனதாலயா கெட்டுச்சு, நானா? இடி விழுந்தா அவன் படமெல்லாம் எரிஞ்சிடுமேன்னுதான்..." என்றாள் மனைவி.

ஏன் பிடுங்கினாய் என்று நான் அவளைக் கேட்கவேயில்லை.

படங்களை ஒரு பென்டிரைவில் ஏற்றி அவளிடமே கொடுத்த நானா, வாசல்வரை வந்தார்.

"இனியும் இடிச்சா புடுங்குங்க, தங்கச்சி. இவர் ஏசினா எனக்கு ஃபோன்ல ஒரு கோல் எடுங்க."