வியாழக்கிழமைச் செருப்புகள்

மூன்றாம் மாடியிலிருந்து பின்பக்கமாக இறங்கிக்கொண்டே செலஸ்ரீனா அக்கா படி துடைக்கிறார். வியாழன் மத்தியானம் என்றால் இதுதான் வேலை. சம்பளமும் இல்லை, செய் என்று கேட்டவரும் இல்லை. பலேர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, அரைநாள் ஓய்வோடு அல்பெர்கேரியாவில் தன் வீட்டுக்கு வந்தவர் சோற்றுக்கு உலை வைக்கமுன் வாளியைத் தூக்கிவிடுவார். இரண்டாம் மாடி வெள்ளைக்காரச் சின்யோராவின் கதவு முன்னால் மட்டும் இரண்டு தரம் துடைப்பு. அன்பு என்று நினைக்கவேண்டாம். "குறை சொல்ல வாய் துறக்கிறவளுக்கு ஒரு தூசியும் விடக்கூடாது" என்பார்.

மன்னார் பேசாலை ஆள். கட்டை உருவம். மீன்வாடியில் கத்திப் பழகிய தொண்டை பலேர்மோ வந்தும் இறங்கவில்லை. பல்லாரோ சந்தை மீன்காரனே இவர் விலை கேட்டால் கொஞ்சம் அடக்கித்தான் கூவுவான்.

அக்காவிடம் ஒரு விசித்திரம். ஆதிக் கிறிஸ்தவ சபையின் ஆட்களையெல்லாம் சொந்தக்காரரைப்போலக் கதைப்பார். பவுலடியார் அவருக்கு இன்றைக்கும் பழைய பேர்ப்படி சின்னப்பர்தான். உரோமையிலிருந்து துரத்தப்பட்ட அக்கிலாவும் பெண்சாதி பிரிஸ்கில்லாவும் பக்கத்து வளவுக்காரர்.

"அவையும் எங்களைப்போலை கலைச்சுவிட்ட சனம்தானே. கூடாரம் தைச்சுச் சீவிச்சவை. பகல் முழுக்கத் தைச்சுப்போட்டு அந்த வீட்டுக்குள்ளைதான் செபம். கோவில் எங்கை, மணி எங்கை? பிரிஸ்கில்லா முதலிலை ஊசியளைப் பொறுக்கியிருப்பாள், சனத்துக்குக் குத்துமெண்டு."

ஊசி எந்த வேதாகமத்தில் இருக்கிறது என்று கேட்டால், "வீடு கூட்டினவளுக்குத் தெரியும்" என்று வாளியை நகர்த்துவார். சின்னப்பர் கைதியாகக் கப்பலில் வந்து இதே தீவின் சிராகூசாவில் மூன்று நாள் நின்றது எழுத்தில் உள்ளது. பலேர்மோவுக்கும் வந்தார் என்பது அக்கா சேர்த்தது. கைதியை ஊர் சுற்ற விட்டிருப்பார்களா என்றால் அதற்கும் பதில் உண்டு. "இருக்கிறதுக்குப் பெர்மெசோக் கடதாசி இல்லாத மனிசன் எத்தினை இடம் சுத்தும் எண்டு எனக்குத் தெரியாதோ?"

ஞாயிறு தமிழ்ப் பூசை இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக்கடைக் குசினியில் நிற்பவனுக்கும், கிழடுகளோடு வீட்டுக்குள் கிடப்பவளுக்கும் ஞாயிறு ஏது? வியாழன் பின்னேரந்தான் அவர்களுக்கு வாய்க்கிறது. அவர்களுக்காகவே அக்காவின் கூடத்தில் செபம். சைவக்காரி ஞானாம்பிகையும் வருவாள். தேத்தண்ணிக்குத்தான் வாறன் என்பாள். செபமாலை முடியுமட்டும் எழும்பமாட்டாள்.

சிக்கல் செருப்பால் வந்தது. செபம் நடக்கிற வீட்டுக்குள் செருப்போடு போகிற வழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லை. கழற்றினவை சுவரோரமாகப் படிப்படியாய்க் கீழே இறங்கும். சின்யோரா முறையிட்டாள். வீட்டுச் சொந்தக்காரன் போனில் குரல்பதிவு அனுப்பினான்: இனிப் படியில் ஒரு செருப்புக் கிடந்தாலும் மாத முடிவில் வீட்டை விடவேண்டும்.

அக்காவைக் கட்டிய இராயப்பு பயந்த மனிதர். போன வியாழன் பிளாஸ்டிக் பை ஒரு கட்டு வாங்கிவந்து கதவடியில் நின்றார்.

"எல்லாரும் பையிலை போட்டு உள்ளை கொண்டுவரட்டுமன். ஆருக்கும் தெரியாது. என்ன குறைஞ்சுபோச்சு?"

"அந்த நாளையிலை வேதக்காரர் ஒளிச்சவை, ஓம். அவையை அரசன் சிங்கத்துக்குப் போட்டவன். இவன் என்னத்துக்குப் போடுவான்? வீட்டாலை எழுப்புவான். எழுப்பட்டும். பிரிஸ்கில்லா எத்தினை வீடு மாறினவள்."

"உனக்கென்ன, கதைப்பாய். வீடு தேடி ஊர்க்கோடிப் பிரான்காச்சோ மட்டும் பஸ்ஸிலை அலையப்போறது நான்."

"உங்கட பேருக்குரிய அப்போஸ்தலர் இராயப்பர் ஆண்டவரைத் தெரியாதெண்டு மூண்டுதரம் சொன்னவர். பிறகெண்டாலும் சேவல் சத்தத்துக்கு அழுதவர். உங்களுக்கு எந்தப் பண்ணையிலை சேவல் தேடுறது?"

 இராயப்பு பைக்கட்டைக் கீழே வைக்கவில்லை. அவருடைய சப்பாத்து ஏற்கெனவே ஒரு பைக்குள் முடிச்சிட்டுக் கதவின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இந்தக் கூடம் போனால் இத்தனை பேரை இருத்த இன்னொன்று இலேசில் அகப்படாது. ஆனாலும் வந்தவர்களின் செருப்பை ஒளித்தால் வந்தவர்களையே ஒளித்த மாதிரி என்ற நினைப்பு மீன்முள்ளாய் உறுத்தியது.

கீழே தெருக்கதவு திறந்தது. ஞானாம்பிகையின் இருமல் அவளுக்கு முன்னால் படியேறி வந்தது. இரண்டாம் மாடியில் சின்யோராவின் கதவுச் சங்கிலி கிலுங்கியது.

"கீழ்வீட்டு மனிசி பாக்கிறாள்," என்றார் இராயப்பு. "கதவைச் சாத்தட்டோ?"

அக்கா தன் செருப்பைக் கழற்றி, இன்னும் ஈரம் காயாத மேற்படியில் வைத்தார். பிறகு கதவின் பின்னால் கையை நீட்டி அந்தப் பையை எடுத்தார். முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, புருசனின் சப்பாத்து இரண்டையும் தன் செருப்புக்குப் பக்கத்தில், மூக்கு கீழ்மாடியைப் பார்க்க, நேராக வைத்தார்.