கோடு படாத பெயர்

கோக்-தாலா ஊர் மன்றத் தேர்தலுக்கு அனார்குல் நிற்கப்போகிறாள் என்று தெரிந்ததும் ஊரே சிரித்தது. அவள் நிற்பதற்காக இல்லை, யாரை எதிர்த்து நிற்கிறாள் என்பதற்காக. கீழத்தெருவுக்கு மன்றத்தில் ஒரே ஓர் இடம். அதில் நாடு தனியான நாளிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தவர் துர்சுனாலி, அவள் கணவரின் கூடப்பிறந்த அண்ணன். கிர்கிஸ் மருமகள் புருஷன் பெயரையும் சொல்லமாட்டாள், அவனுக்கு மூத்தவர்கள் பெயரையும் சொல்லமாட்டாள். வாழ வந்த நாள் முதல் அனார்குலுக்கு அவர் "பெரிய வீட்டுக்காரர்"தான். பெயரைக்கூடச் சொல்ல முடியாத ஆளை எப்படித் தோற்கடிப்பது?

அவளுக்குப் பதவி ஆசை எல்லாம் கிடையாது. சோவியத் நாளில் ஊரில் ஒரு பாலர் பள்ளி இருந்தது. அவள் அங்கே ஆயா. பிறகு சுதந்திரம் வந்தது, கூட்டுப்பண்ணை கலைந்தது, பாலர் பள்ளிக்குப் பூட்டு விழுந்தது. மன்றம் அந்தக் கட்டடத்தைத் துர்சுனாலிக்கே குத்தகைக்கு விட்டது. கேட்டவரும் அவர், கொடுத்த மன்றத்தில் இருந்தவரும் அவர், அப்புறம் யார் குறுக்கே நிற்பது? பிள்ளைகள் தூங்கிய அறையில் அவருடைய ஆடுகளுக்கான காய்ந்த புல் கூரை முட்ட அடுக்கியிருந்தது. கிழங்கு வயலுக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை வாய்க்கால் மேட்டில் உட்காரவைத்துவிட்டு வேலை பார்த்தார்கள். ஒருநாள் அதில் ஒரு குழந்தை தண்ணீருக்குள் போய்விட்டது. குதித்துத் தூக்கியவள் அனார்குல். குழந்தை பிழைத்துக்கொண்டது.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தவள், உடுப்பைக்கூட மாற்றாமல், "நான் மன்றத்துக்கு நிக்கப்போறேன்" என்றாள்.

கணவர் மாமிர்குல் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அண்ணனை எதிர்த்தா?"

"புல்லை எதிர்த்து."

அதற்குமேல் அவர் வாயே திறக்கவில்லை. சும்மாவே பேசாத மனிதர். பாதி ஆயுளை மலை மேய்ச்சலில் ஆடுகளோடு கழித்துவிட்டு, முழங்கால் தேய்ந்து அந்த வருஷம்தான் இறங்கி வந்திருந்தார். அவர் பேசாததை அனார்குல் கோபம் என்றே எடுத்துக்கொண்டாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. கிழவன் ஓட்டு அண்ணனுக்கா, பெண்டாட்டிக்கா என்று கடைவாசலில் பந்தயமே ஓடியது.

கடைக்காரனும் டிராக்டர்காரனும்கூடச் சும்மா பேர் கொடுத்திருந்தார்கள், ஆக வேட்பாளர்கள் நாலு பேர். பள்ளிக்கூடத்தில் வேட்பாளர் கூட்டம் நடந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவன் வம்புக்கு இழுத்தான். "அக்கா, யாரை எதிர்த்து நிக்கறீங்கன்னு பேரைச் சொல்லுங்க, கேப்போம்."

அனார்குல் முதல் வரிசையில் இருந்த துர்சுனாலிக்கு முறைப்படி குனிந்து வணக்கம் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "நம்ம புள்ளைங்க கட்டில்ல ஆட்டுத் தீனியைத் தூங்கவச்சிருக்காரே, அவரை" என்றாள். கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. துர்சுனாலியும் மீசைக்குள் சிரித்தார். மோசமான மனிதர் இல்லை அவர். பதவி பழகிப்போனவர், அவ்வளவுதான்.

தேர்தல் அன்று மாமிர்குல் வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனவர் வெளியே வருவதாக இல்லை. "என்ன அண்ணே, உள்ளே ஆடு எண்ணறீங்களா?" என்று வரிசையில் நின்ற பெண்கள் கேலி செய்தார்கள். ஒருவழியாக வந்து சீட்டைப் பெட்டியில் போட்டார். அண்ணன் முகத்தையும் பார்க்கவில்லை, மனைவி முகத்தையும் பார்க்கவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தார்.

ஓட்டு எண்ணும் குழுவில் இருந்த டீச்சர் நுரிலா சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அக்கா, உங்களுக்கும் அவருக்கும் சரிசமம். சமமா வந்தா முதல்ல பேர் கொடுத்தவருக்குத்தான்னு சட்டம். அவர்தான் முதல்ல கொடுத்திருந்தார்."

"இன்னும் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தா?"

"நீங்க ஜெயிச்சிருப்பீங்க. செல்லாத ஓட்டு வேற கொஞ்சம் இருந்துச்சு. என்ன பண்றது?"

அனார்குல் அழவில்லை. உள்ளே வந்து தேநீர் ஊற்றினாள். அந்த ஒரு ஓட்டு கம்பளித் தொப்பியோடு எதிரே உட்கார்ந்திருந்தது. கணவரின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி நகர்த்தினாள். அந்த ஊரில் தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். திரும்பத் திரும்ப ஊற்றுவதுதான் பிரியம். ததும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

மாமிர்குல் கிண்ணத்தைப் பார்த்தார். "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"உங்களுக்கே தெரியும்."

"தெரியல. சீட்டுல கடைக்காரன் பேரை அடிச்சேன். டிராக்டர்காரனை அடிச்சேன். அண்ணன் பேர்கிட்ட வந்ததும் பேனா நகரமாட்டேன்னுது. அப்பா செத்தப்புறம் எனக்கு செருப்பு வாங்கிப் போட்டு பள்ளிக்கூடம் அனுப்பின ஆளு. அதான் நேரமாச்சு. அப்புறம் அவரையும் குறுக்கே கோடு போட்டு அடிச்சேன். உன் பேரை மட்டும் விட்டேன். ஒரு புள்ளி மை படலை."

அனார்குல் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். பழைய முறை அது. ஒரே பெயர் மட்டும் இருந்த சோவியத் காலத்தில் சீட்டை எழுதாமல் மடித்துப் போட்டால் ஓட்டு. பிறகு நாலு பெயர் வந்தபோது, வேண்டாதவர்களை அடித்துவிட்டு வேண்டியவரை விடவேண்டும். அதையும் மாற்றி, வேண்டியவர் பக்கத்தில் ஒரு குறி போட்டால் போதும் என்று சட்டம் வந்தபோது அவர் மலையில் இருந்தார். எப்படிப் போடுவது என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். சுவரைப் படிக்கிற மனிதரா அவர்? செல்லாத ஓட்டுகளில் ஒன்று அவளுக்காகவே போட்டது.

சொல்ல வாய்வரை வந்தது. அண்ணன் பெயரை அடித்த அந்தக் கையைப் பார்த்தாள். மனசு உருகிப்போயிற்று. அவர் கிண்ணத்தை எடுத்துப் பாதியைத் தன் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு மீதியை அவரிடம் நீட்டினாள்.

"ஒரு ஓட்டுல போச்சாம்" என்றாள்.

"எந்தப் பாவி அவன்?" என்றார் மாமிர்குல்.

அன்றிலிருந்து அந்தப் பாவியைத் தேடுவதே அவர் வேலையாயிற்று. கடைவாசலில் ஒவ்வொருவனையும் உற்றுப் பார்த்தார். டிராக்டர்காரனோடு கொஞ்ச நாள் பேச்சுவார்த்தைகூட இல்லை. அனார்குல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, தன் வீட்டு முற்றத்திலேயே வாய்க்கால் பக்கம் வேலி கட்டி, ஊர்ப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த தேர்தல் வந்தது. இந்த முறை முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். முந்தின நாள் தேநீர் ஊற்றும்போது, "சட்டத்தை மாத்திட்டாங்களாம். இனிமே யாரையும் அடிக்கக் கூடாது. வேணுங்கிறவங்க பக்கத்துல ஒரு குறி போடணுமாம்" என்றாள்.

"இப்பவா மாத்தினாங்க?"

"இப்பதான்."

"இவனுங்களுக்கு வேற வேலை இல்லை. பழையதுதான் நல்ல முறை. யாரை வெட்டறோம்னு தெரிஞ்சு வெட்டினோம்."

மறுநாள் திரைக்குப் பின்னால் போனவர் பழையபடியே வர நேரமானது. அனார்குலுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது.

"போட்டீங்களா?"

"உன் பேர் பக்கத்துல கோடு போட கையே வரலை. மனசைக் கல்லாக்கிட்டுப் போட்டேன்."

அவள் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தாள். மன்றம் குத்தகையை ரத்து செய்தது. துர்சுனாலி தானே வண்டி கொண்டுவந்து புல்லை ஏற்றினார். தம்பி மாமிர்குல் பக்கத்தில் நின்று ஏற்றிக்கொடுத்தார்.

பாலர் பள்ளி திறந்த அன்று சாயங்காலம் மாமிர்குல் கால் நீட்டி உட்கார்ந்து, "போன தடவை காலை வாரினவன் இந்தத் தடவை திருந்திட்டான் போல" என்றார்.

"அவன் காலை வாரலை. எப்பவும் என் பக்கம்தான்."

அவர் நிமிர்ந்தார். "அப்ப யாருன்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க அவனை மன்னிக்கமாட்டீங்க."

மாமிர்குல் தாடியைத் தடவி யோசித்துப் பார்த்தார். "மாட்டேன்தான்" என்று ஒப்புக்கொண்டு, காலிக் கிண்ணத்தை நீட்டினார். அனார்குல் அதில் அரைக் கிண்ணம் ஊற்றினாள்.