விஜயதாஸ் மெலிந்த கதை

கேரள எல்லையோரம் எங்கள் கொல்லயில் ஊர்ப்பக்கத்தில் ஒருவன் தடித்தால் சிரிப்பார்கள், மெலிந்தால் எப்போது சாவான் என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் என் தங்கை மினியின் கணவன் விஜயதாஸ்.

சிமெண்டும் கம்பியும் விற்கிற கடை அவனுக்கு. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் கடை அடைக்கத்தான் எழும்புவான். நல்ல மனுஷன், ஆனால் பொறோட்டாவைக் கண்டால் தன்னை மறந்துவிடுவான். எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு கல்யாண விருந்தில் அவன் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி கால் விரிந்து உடைந்தது. பந்தி முழுக்கச் சிரித்தது. வீடியோ எடுக்க வந்தவன் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினான், அவன் கையை முறிக்கலாமா என்று எனக்கு வந்தது. விஜயதாஸ் கீழே கிடந்தபடி தானும் சிரித்தான். அன்றைக்கே சோற்றை விட்டான்.

ஒன்றரை வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டான். பிறகு கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினான். விடியும்போது கிளம்பி உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் காரோட்டு பைபாஸ் வரை போய்த் திரும்புவான். பழைய சட்டை உடம்பில் கொடியில் காயப்போட்டது மாதிரி ஆடும். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கேள்விகளும் அப்போதுதான் தொடங்கின. சாயாக்கடையில், கடைவாசலில், சபை முற்றத்தில், எங்கே பார்த்தாலும் சுகர் உண்டா, வேறு வல்ல சூக்கேடும் உண்டா என்று நோயைக் கேட்டுத்தான் குசலம் விசாரிப்பார்கள். ஒன்றுமில்லை, சைக்கிள்தான் என்பான். உண்மையில் சுகர் இருந்தது. தடித்திருந்த காலத்திலேயே வந்தது. மினிக்குத் தெரியும், அவள் சொல்லி எனக்குத் தெரியும். வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் வாங்கியிருந்தான்.

மாத்திரையிலும் ஒரு கூத்து. இங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஒன்று வாங்குவான். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் அவன் அம்மா வீடு. அங்கேயும் அவன் பேர் பதிந்திருந்தது, அங்கேயும் மாத்திரை கிடைக்கும். எல்லையோரத்தில் பலரும் இப்படித்தான், இரண்டு சர்க்காரும் தருவதை எதற்கு வேண்டாம் என்று சொல்வது? நிறம் வேறு, அட்டை வேறு. இரண்டும் ஒரே மருந்து என்று அவனுக்குத் தெரியாது. அவன் இரண்டு இடத்தில் வாங்குவது எந்த டாக்டருக்கும் தெரியாது. அந்தப் பெரிய உடம்பு அதைத் தாங்கியது. மெலிந்த பிறகும் இரண்டையும் விடாமல் விழுங்கினான், சுகர் தேவைக்கும் கீழே இறங்கியது.

முதலில் கை நடுங்கத் தொடங்கியது. சைக்கிளில் வந்து இறங்கினால் சாயா கிளாஸ் பல்லில் இடிக்கும். மழையில் நனைந்தவன் மாதிரி வியர்த்திருப்பான், தொட்டால் சில்லென்று இருக்கும். ஒருநாள் தன் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்றான். எதற்குத் திறக்கவில்லை என்று மினியை அங்கிருந்தே ஏசினான். ஒரு வாழைப்பழம் தின்றதும் தெளிந்துவிட்டான், நடந்தது ஒன்றும் ஞாபகமில்லை. மினி வந்து அதை என்னிடம் சொன்னாள். நேரே போய், நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறாயா இல்லையா என்று சண்டை பிடித்தேன்.

"அக்கா, இப்பதான் நான் மனுஷனா நடக்கியேன். அங்க போனா திரும்பவும் நோயாளி ஆக்கும்" என்றான்.

அவன் கெஞ்சிய கெஞ்சலில் சண்டையை விட்டுவிட்டு எழும்பி வந்தேன்.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்புக் காலம் வந்தது. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அவன் மெலிந்ததைப் பற்றி எல்லார் முன்னாலும் எழும்பிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் கேட்டுக்கொண்டார். நாற்காலி உடைந்தபோது சிரித்த அதே சபை, விடுவானா? எங்கள் சபையில் உபவாசம் என்றால் பச்சைத்தண்ணீர்கூட இறங்காது. மாத்திரைக்கு மட்டும் ஒரு மிடறு உண்டு, மருந்து ஆகாரமில்லை என்பது பழைய வழக்கம். அதன்படி வெறும் வயிற்றில் இரண்டையும் விழுங்கினான். ஆட்டோவில் வாருங்கள் என்று மினி காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். சாட்சியே சைக்கிள்தான் என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனான்.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, ஆளைக் காணோம். மினி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எங்கள் சபைக்காரி சரசம்மா பிந்தி வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. விஜயதாஸ் உதியன்குளங்கரை பேக்கரி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து உளறுகிறானாம், நல்ல குடியாம், ஆட்கள் சுற்றி நின்று பார்க்கிறார்களாம். முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பி மினியைப் பார்த்தார்கள்.

மினி எழும்பினாள். "குடியில்ல. அவருக்கு சுகர் உண்டு. ஒண்ணும் திங்காம போயிருக்காரு" என்று சபை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

நாங்கள் ஆட்டோவில் பறந்தோம். அவன் அங்கேயே இருந்தான். யாரோ முகத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் லட்டும் ஜிலேபியும் அடுக்கி வைத்த கடை அது, ஒருவனுக்கும் ஒன்றை எடுத்து அவன் வாயில் வைக்கத் தோன்றவில்லை. மினி கடைக்குள் ஓடிக் கை நிறையச் சர்க்கரை அள்ளி வந்தாள். அவன் அவளைப் பார்த்தான். யாரென்று தெரிந்ததா, தெரியாது. சர்க்கரையைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டான். அவள் விரலால் பிரிக்கப் பார்த்தாள். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவள் கையைத் தட்டிவிட்டான்.

"உபவாசமாக்கும்" என்றான். "சாட்சி செல்லியிட்டுத் திங்கலாம்."

அதற்குப் பிறகு வாய் இறுகிவிட்டது, கண் மேலே போனது. நாலு பேர் தூக்கி ஆட்டோவில் எங்கள் மடியில் கிடத்தினார்கள். தூக்கியவர்களில் ஒருவன், சுகர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் விட்டிருப்போமா என்றான். எனக்கு அவனை அறைய வந்தது, அழுகையும் வந்தது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியை நோக்கி ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே ஓடியது. அமரவிளைப் பாலத்தில் ஏறும்போது என் மடியில் கிடந்த கால் கனத்தது. நெஞ்சில் கைவைத்துப் பார்த்தேன், துடிப்பில்லை. மினி அதைக் கவனிக்கவில்லை.

அவள் அவன் வாயோரத்துச் சர்க்கரையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சபைக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சே" என்றாள். "எழும்பினா என்னைக் கொல்லுவாரு."